பத்து மாதச் சுமை

“வீடு வாடகைக்கு விடப்படும்.”

மூன்றே சொற்கள்! அட்டையில் எழுதிக் கம்பிக் கதவிலே கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். படிக்க எளிய சொற்கள்தாம். ஆனால் அந்த மூன்று சொற்களுக்குப் பின்னே முந்நூறு கேள்விகள் மூச்சைப் பிடித்து நிற்கின்றன என்பது, வெயிலிலே வீடு தேடி அலைந்தவனுக்குத்தான் தெரியும்.

அப்படி அலைந்த தோழர் ஒருவர் சென்ற வாரம் நம் அலுவலகத்துக்கு வந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை. மாதச் சம்பளம் 26,000 ரூபாய். மனைவி, தாய், தான் என மூன்று பேர் கொண்ட குடும்பம். அவர் கேட்டது மாளிகையல்ல. மாடமும் கூடமும் தோட்டமும் அல்ல. படுக்க ஓர் அறை, உட்கார ஒரு சிறு கூடம், உலை வைக்க ஒரு மூலை. ‘சிங்கிள் பெட்ரூம்’ என்று சென்னையிலே சொல்கிறோமே, அது! பெரம்பூரில் கிடைத்தால் போதும். மின்சார ரயிலில் ஏறினால் பட்டரவாக்கத்தில் இறங்கி வேலைக்குப் போய்விடலாம் என்பது அவர் போட்ட கணக்கு.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். பதினேழு வீடுகள். பதினேழு படிகள் ஏறினார். பதினாறு படிகள் இறங்கினார்.

முதல் வீட்டிலே நடந்ததை அவர் சொல்லக் கேட்டோம்:

“தம்பிக்குச் சொந்த ஊர் எது?”

“செய்யாறு பக்கங்க.”

“ஓகோ! அங்கே நமக்கு உறவுக்காரங்க உண்டு. ஊரிலே எந்தத் தெரு?”

எந்தத் தெரு! கேட்டீர்களா தோழர்களே, கேள்வியை? பெரம்பூரில் வீடு தேடுபவனிடம் செய்யாற்றுத் தெருவின் பெயர் எதற்கு? கடிதம் போடவா? கல்யாணத்துக்கு அழைக்கவா? இல்லை, இல்லை! ஊரிலே எந்தத் தெரு என்று தெரிந்தால் இவன் எந்தச் சாதி என்று தெரிந்துவிடும், அதற்காக! நேரே கேட்கக் கூசுகிறது நாகரிகம். கேட்காமல் இருக்க முடியவில்லை நஞ்சுக்கு. அதனால் தெருவைச் சுற்றிக்கொண்டு வருகிறது அந்தக் கேள்வி.

அடுத்த வீட்டிலே அந்தச் சுற்றலும் இல்லை. “நீங்க என்ன ஆளுங்க?” என்றே கேட்டுவிட்டார்கள்.

தோழர் சொன்னார்: “ஆலையிலே லேத் ஓட்டுற ஆளுங்க.”

கதவு மூடிக்கொண்டது.

இன்னொரு வீட்டில், “கறி, மீன் உண்டா? சுத்த சைவத்துக்குத்தான் விடுவோம்” என்றார்கள். வேறொரு வீட்டில் பெயரைக் கேட்டார்கள். பெயரிலே மதத்தைத் தேடினார்கள். அவரோடு வேலை பார்க்கும் மணமாகாத இளைஞனுக்கோ, “பேச்சிலருக்கு இல்லை” என்ற ஒரே வரியில் ஊரே கதவடைத்துவிட்டதாம். கணவனைப் பிரிந்து குழந்தையோடு வாழும் பெண் வந்து நின்றால், வாடகை தர வருவாய் உண்டா என்று கேட்பதற்கு முன்னே வேறு எதையெதையோ கேட்கிறார்கள்.

இது சட்டத்துக்குத் தெரியாதா? தெரியும்! இன்று நேற்றல்ல, 1955-ஆம் ஆண்டிலேயே தெரியும். அந்த ஆண்டு இயற்றப்பட்ட தீண்டாமைக் குற்றச் சட்டம் 1976-இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. தீண்டாமையின் பேரால் ஒருவன் எந்தப் பகுதியிலும் வீடு கட்டுவதையோ, வாங்குவதையோ, குடியேறுவதையோ தடுத்தால் அது குற்றம் என்கிறது அச்சட்டம். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை என்கிறது. ஆனால் எந்த வீட்டுக்காரர் “நீ இன்ன சாதி, ஆகையால் வீடில்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறார்? “வேறொருவருக்குச் சொல்லிவிட்டோம்” என்கிறார். கதவு சாத்திய காரணம் கதவுக்குள்ளேயே கிடக்கிறது. குற்றம் இருக்கிறது, சாட்சி இல்லை!

மற்றவர்கள் நிலை? அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, மதம், சாதி, பால் பார்த்து வேற்றுமை காட்டாதே என்று அரசைக் கட்டுகிறது. கடைகளில், உணவு விடுதிகளில், கிணறு குளங்களில் தடுக்காதே என்கிறது. தனியார் வீட்டின் தாழ்ப்பாளை அது தொடவில்லை. உணவு விடுதியில் ஒரே மேசையில் உட்காரலாம். ஒரே மாடியில் குடியிருக்க முடியாது. இது என்ன சமத்துவம்?

சரி, கேள்விகளைக் கடந்தாயிற்று. பதினேழாவது வீட்டுக்காரர் நல்லவர். ஊர் கேட்கவில்லை, தெரு கேட்கவில்லை, குழம்பு என்ன என்றும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று:

“வாடகை 12,000. அட்வான்ஸ் பத்து மாதம்.”

பத்து மாதம்!

தாய் பத்து மாதம் சுமக்கிறாள், பிள்ளை பிறக்கிறது. தொழிலாளி பத்து மாதத்தைச் சுமக்கிறான், என்ன பிறக்கிறது? கடன் பிறக்கிறது!

கணக்கைப் பாருங்கள் தோழர்களே! நம் படிப்பகத்துப் பலகையிலே சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவைக்க வேண்டிய கணக்கு இது. அட்வான்ஸ் 1,20,000. முதல் மாத வாடகை 12,000. வீட்டைக் காட்டிய புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, அதுவும் 12,000. ஆக, சாவி கைக்கு வருமுன் 1,44,000 ரூபாய் கையை விட்டுப் போக வேண்டும். 26,000 சம்பளக்காரனிடம் அது ஏது? மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று; சேமிப்பும் சேர்த்து 44,000 தேறியது. மீதி ஒரு லட்சம், நூற்றுக்கு இரண்டு வட்டிக் கடன். மாதம் 2,000 வட்டி. ஆண்டுக்கு 24,000!

அதாவது ஆண்டுக்கு இரண்டு மாத வாடகை வட்டியாகவே போகிறது. ஊருக்கெல்லாம் ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம். இந்தத் தொழிலாளிக்கு மட்டும் பதினான்கு மாதம்!

வாடகையும் வட்டியும் போக மாதம் அவர் கையிலே நிற்பது 12,000. அதிலே அரிசி, பால், தாயின் மருந்து, ரயில் கட்டணம், அசலுக்குக் கட்ட வேண்டிய தவணை. மாதத்தின் இருபதாம் நாள் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று எட்டிப் பார்க்க எவருக்கும் துணிவிராது.

எதிர்ப்பக்கம் பாருங்கள். ஐந்து போர்ஷன் வைத்திருக்கும் வீட்டுக்காரரிடம் ஆறு லட்ச ரூபாய் வந்து சேர்கிறது. வங்கியிலே நூற்றுக்கு ஆறு வட்டிக்குப் போட்டாலும் ஆண்டுக்கு 36,000. தொழிலாளிக்கு அந்தப் பணத்துக்கு என்ன வட்டி? ஒரு காசும் இல்லை! ஏழை கடன் வாங்கி, பணக்காரருக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறான். உலகத்திலே எந்தப் பொருளாதார நூலிலும் இல்லாத விந்தை இது. ஆனால் இந்நகரத்தின் தெருக்களிலே அன்றாட நடப்பு!

காலி செய்யும்போதாவது முழுப் பணம் திரும்புமா? “பெயின்டிங் காசு” என்று ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொள்வது எழுதாத சட்டமாகிவிட்டது. மின்சாரக் கணக்கு வேறு. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் கட்டணமில்லை என்பது 2016-இல் அறிவிக்கப்பட்ட சலுகை. ஆனால் உள்மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று முதல் யூனிட்டிலிருந்தே வாங்கும் வீடுகள் எத்தனை! அரசு ஏழைக்கு ஏற்றிய விளக்கு, வீட்டுக்காரர் பெட்டியிலே எரிகிறது.

இதற்கும் சட்டம் உண்டா? உண்டு. அதன் கதையையும் கேளுங்கள்.

நம் மாநிலத்துக்குச் சென்னை மாநிலம் என்று பெயர் இருந்த 1960-இல் ஒரு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. நியாய வாடகை என்ற சொல் அதிலே இருந்தது. முன்பணமாக ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்காதே என்றது. அது ஏட்டிலே இருந்தது; தெருவிலே பத்து மாதம் வளர்ந்தது. அந்தச் சட்டத்தை நீக்கி, 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது புதுச் சட்டம். வீட்டு உரிமையாளர், குடியிருப்போர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் என்று நீண்ட பெயர். அது சொல்கிறது: மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்டவிரோதம்!

நல்ல வரிதானே என்று மகிழாதீர்கள். அந்த வரிக்கு முன்னே ஒரு சிறு வால் கட்டியிருக்கிறார்கள்: ‘மாறான உடன்பாடு இருந்தாலன்றி’.

அதாவது மூன்று மாதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. இருவரும் ஒப்புக்கொண்டால் வாங்கலாம்! நரியே, கோழியைத் தொடாதே. கோழி ஒப்புக்கொண்டால் தொடு! இப்படிச் சொல்வதற்குச் சட்டம் எதற்கு?

உடன்பாடாம், உடன்பாடு! எவருக்கும் எவருக்கும் உடன்பாடு? பத்து வீட்டின் சாவி ஒரு கையிலே. பெட்டி படுக்கையோடு நடைபாதையிலே நிற்கும் குடும்பம் மறு பக்கத்திலே. இவர் “பத்து மாதம்” என்கிறார். அவன் “சரிங்க” என்கிறான். அந்தச் ‘சரிங்க’ உடன்பாடா? பசித்தவன் பழங்கஞ்சிக்கு நீட்டும் கை, விருந்துக்கு ஒப்புதலா? விருப்பமில்லாத ஒப்புதலின் பெயர் உடன்பாடல்ல, பணிவு. பணிவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் சட்டம், பலவீனனைக் காக்கும் சட்டமாகாது.

2021-இல் ஒன்றிய அரசு ஒரு மாதிரி வாடகைச் சட்டத்தை வகுத்து மாநிலங்களுக்கு அனுப்பியது. குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்று அதிலே கண்டிருக்கிறது. மாநில உரிமையிலே நாம் விட்டுக்கொடுப்பவர்களல்லர். வீடு பற்றிச் சட்டம் செய்வது மாநிலத்தின் உரிமை. ஆனால் உரிமை எதற்கு? அவர்கள் இரண்டு என்றால் நாம் ஒன்று என்று காட்டத்தான்! அவர்கள் இரண்டு என்கையில், நாம் மூன்று என்று எழுதி, பத்துக்கு வாசல் திறந்து வைக்கவா?

“வீட்டுக்காரர் எல்லோரும் கொடியவர்களா?” என்று சிலர் கேட்பார்கள். அல்லர். கணவனை இழந்து, ஓய்வூதியம் எதுவுமின்றி, மாடியிலுள்ள ஒற்றைப் போர்ஷனின் வாடகையிலே மருந்து வாங்கும் மூதாட்டியை நாமும் அறிவோம். வாடகையும் தராமல், காலியும் செய்யாமல், வழக்கை ஆண்டுக்கணக்கில் இழுத்து அவரைப் போன்றவர்களை அழவைத்த குடித்தனக்காரர்களும் உண்டு, அதையும் மறைப்பதற்கில்லை. அந்த மூதாட்டியின் அச்சம் நியாயமானது. ஆனால் அவர் அச்சத்துக்கு மருந்து புதுச் சட்டத்திலேயே இருக்கிறது: இரண்டு மாத வாடகையைப் பாக்கி வைத்து, கேட்டு அறிவிப்பு அனுப்பிய பின்னும் கட்டாதவனை வெளியேற்ற வழி உண்டு. இரண்டு மாதப் பாக்கியையும், அறிவிப்புக்கு ஒரு மாதத்தையும் மூன்று மாத முன்பணம் தாங்கும். மூன்று மாதம் பாதுகாப்பு. அதற்கு மேலுள்ள ஏழு மாதம்? அது பாதுகாப்பு அல்ல, பறிப்பு!

சட்டம் மாறுமா என்று பெருமூச்சு விடுகிறவர்களுக்கு ஒரு வரலாறு சொல்வோம்.

1915. முதல் உலகப் போர் மூண்டிருந்த நேரம். ஸ்காட்லாந்திலே கிளாஸ்கோ நகரம். அதிலே கோவன் என்ற பகுதி. கப்பல் கட்டும் தொழிலாளர்கள் நிறைந்த இடம். ஆண்கள் போர்முனையிலே, அல்லது கப்பல் பட்டறையிலே. போர் வேலைக்காக ஆட்கள் வந்து குவியவும், வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். மேரி பார்பர் என்ற தொழிலாளி வீட்டுப் பெண் எழுந்தார். உயர்த்திய வாடகையைக் கட்டமாட்டோம் என்று அண்டை வீட்டுப் பெண்களைத் திரட்டினார். காலி செய்ய அமீனா வந்தால் ஒருத்தி மணியடிப்பாள். அடுப்படியிலிருந்து அத்தனை பெண்களும் ஓடி வந்து மாடிப்படியை அடைத்து நிற்பார்கள். மாவை வாரி அமீனா மீது இறைப்பார்கள்! நவம்பர் 17-ஆம் நாள், வாடகை கட்டாதவர்களை நீதிமன்றத்துக்கு இழுத்தபோது, பட்டறைத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலையை விட்டு நீதிமன்ற வாசலிலே வந்து நின்றார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் செய்தது: போர் தொடங்கிய 1914 ஆகஸ்டில் இருந்த வாடகைக்கு மேல் ஏற்றக்கூடாது!

துப்பாக்கி இல்லை, தோட்டா இல்லை. ஒரு மணி, ஒரு பிடி மாவு, ஒற்றுமை. இவ்வளவுதான் கருவி! அந்த மேரி பார்பருக்குக் கோவனிலே 2018-இல் சிலை வைத்திருக்கிறார்கள்.

கிளாஸ்கோவைச் சொல்லும் நமக்குப் பெரம்பூரின் பெருமை தெரியாதா? 1921-இல் பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலையின் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தம் இந்தியத் தொழிலாளர் வரலாற்றிலே இடம் பெற்றது இந்த மண்ணிலேதான். அந்த ஆலை 1996-இல் மூடப்பட்டது. தறி ஓடிய நிலத்திலே இன்று அடுக்கு மாடிகள் நிமிர்ந்து நிற்கின்றன. பாட்டன் தறி ஓட்டிய இடத்திலே பேரன் குடியிருக்க ஓர் அறை கேட்டு நிற்கிறான்; பத்து மாதம் கொண்டுவா என்கிறது நகரம்!

இனி, கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் இந்த ஏடு ஏடல்ல.

அந்தத் தோழரைத் திருப்பி அனுப்பிய பதினாறு வீடுகளில் ஒன்றின் வாசலிலே நம் கொடி பறந்துகொண்டிருந்ததாம்! கூடத்திலே நம் தலைவர்களின் படங்கள். மேடையிலே சாதி ஒழிப்பு, மாடிப்படியிலே “ஊரில் எந்தத் தெரு?” ஊர்வலத்திலே உழைப்பாளர் உரிமை, ஒப்பந்தத்திலே பத்து மாதம்! சொன்னபோது தோழர் நம் முகத்தைப் பார்க்கவில்லை. நம்மாலும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எதிரியின் வீட்டிலே இருட்டு என்று கூவுவது எளிது. நம் வீட்டு விளக்கைத் துடைப்பதுதான் கடினம். வீடு வாடகைக்கு விடும் ஒவ்வொரு தோழரையும் கேட்கிறோம்: உம் அட்டையிலே நான்காவது, ஐந்தாவது சொல்லாக எழுதும்! ‘வீடு வாடகைக்கு விடப்படும், எவரும் வரலாம்’ என்று! மூன்று மாதத்துக்கு மேல் ஒரு காசும் முன்பணம் வாங்காதீர். ஊர் கேட்காதீர்; தெரு கேட்காதீர். கேட்க வேண்டியது ஒன்றே: மாதம் தவறாமல் வாடகை தருவீரா? அதற்கு மேல் கேட்பவர், கொடியை இறக்கிவிட்டுக் கேட்கட்டும்!

சட்டத்தைத் திருத்த வேண்டியவர்களைக் கேட்கிறோம்: அந்த வாலை வெட்டுங்கள்! ‘மாறான உடன்பாடு’ என்னும் சொற்களை அடித்து விடுங்கள். சாதி, மதம் கேட்டு வீடு மறுப்பதைக் குற்றமாக்கி அதே சட்டத்திலே எழுதுங்கள். ஒரு வரியை வெட்டவும் ஒரு வரியைச் சேர்க்கவும் கருவூலத்திலிருந்து ஒரு காசும் செலவாகாது.

அதுவரை கிளைத் தோழர்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஞாயிறுதோறும் படிப்பகத்திலே ஒரு மேசை, இரண்டு நாற்காலி போடுங்கள். வாடகை வீட்டிலிருப்பவர்களை அழையுங்கள். எழுத்திலே ஒப்பந்தம் இல்லாமல் குடியேறாதே என்று சொல்லுங்கள். ஒப்பந்தத்தின் ஒரு படி உன் கையிலே இருக்கட்டும் என்று சொல்லுங்கள். அதை வாடகை அதிகாரியிடம், அரசின் இணையதளம் வழியாகவே பதிவு செய்து எண் வாங்கிக் கொடுங்கள். கொடுத்த வாடகைக்கு ரசீது கேள் என்று கற்றுக்கொடுங்கள். தண்ணீரை நிறுத்தினாலும் மின்சாரத்தைத் துண்டித்தாலும் அது சட்டவிரோதம். காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பாக்கி மட்டும் கழித்து, முன்பணம் கைக்கு வந்தாக வேண்டும். இவற்றைப் படித்துச் சொல்லுங்கள். தனியாகப் போய்க் கேட்கும் குடித்தனக்காரன் கெஞ்சுவான். நான்கு தோழர்களோடு, கையிலே காகிதத்தோடு போய்க் கேட்பவன் பேசுவான்.

அந்தத் தோழர் இப்போது பதினேழாவது வீட்டிலே குடியிருக்கிறார். போன ஞாயிறு பால் காய்ச்சினார்கள். நாமும் போயிருந்தோம். ஒரு படுக்கையறை, ஒரு சிறு கூடம். கூடத்துச் சுவரிலே ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் உத்தரவு. அதனால் படங்களெல்லாம் தரையிலே சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அவருடைய தாய் நமக்குப் பால் கொடுத்துவிட்டு, மருமகளின் வெறுங்கழுத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அந்தச் சங்கிலி கழுத்துக்குத் திரும்ப வேண்டும். அதற்கு அந்த வால் அறுபட வேண்டும்.

மணியை எடுங்கள், தோழர்களே!